ஊதிப் பார்த்த ராஜையன்

கடலோர இனயத்து நேசம்மாளுக்கு ராஜையன் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. 2006இல் ஓணத்துக்கு முந்தின வாரம் வாங்கிய காசு. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, ஒரு மாசத் தவணை. இப்போது 2009 ஐப்பசி நடக்கிறது. அந்த ஒரு மாசம் இன்னும் முடிந்தபாடில்லை.

நேசம்மாள் மீன் விற்கிறவள். அவள் புருஷனின் மீன்பிடி வள்ளத்தில் இருந்த எஞ்சினைப் பதினைந்து வருஷமாகப் பழுது பார்த்தவர் ராஜையன். அந்தப் பழக்கத்தில்தான் அவர் கேட்டதும் தன் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றி வங்கியில் அடகு வைத்துப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் கொண்டு ஒரு கம்ப்ரசர் வாங்கினார்.

கம்ப்ரசர் வந்த பிறகு ராஜையனின் நடையே மாறிப்போனது. கருங்கல் சந்தைக்குப் போகிற வழியில் நாலு சென்டில் அவர் பட்டறை. பழைய பலகையை இறக்கிவிட்டுப் புதிது எழுதி மாட்டினார்: ‘காற்று சம்பந்தமான சகல வேலைகளும் செய்யப்படும்.’ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொன்னது, கிணற்றுக்குள் இறங்கி பம்புசெட்டு பழுது பார்த்தது, லாரிக்கு அடியில் பாய் விரித்து வாழ்ந்தது, சார்ஜாவில் ஒன்பது வருஷம் வெயிலைத் தின்றது, திரும்பி வந்து யார் காலிலும் விழாமல் சொந்தப் பட்டறை போட்டது, எல்லாவற்றையும் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் சொல்வார். ஒரு சைக்கிள் டயருக்குக் காற்று நிரம்புகிற நேரத்தில் அவர் சார்ஜா போய்த் திரும்பிவிடுவார். லாரி டயர் என்றால் இடையில் பம்பாயிலும் இறங்குவார். யார் காலிலும் விழவில்லை என்கிற இடத்தில் மட்டும் கம்ப்ரசரின் பக்கம் பார்க்க மாட்டார்.

அப்படிப்பட்ட ஆளிடம்தான் அந்தச் சிவப்புக் கார் வந்தது.

காருக்குச் சொந்தக்காரர் டாக்டர் சத்தியராஜ். மார்த்தாண்டத்துக்காரர். முப்பது வருஷம் அமெரிக்காவில் வைத்தியம் பார்த்துவிட்டு, வரும்போது தன் வாலிபத்தில் ஆசைப்பட்டு வாங்கிய அந்தக் காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். எழுபதுகளில் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மூன்றாவது ஆள் வேண்டும். நம்மூர் வேகத்தடைகளைக் கண்டால் வயிற்றை எக்கிக்கொண்டு போகும். முன்விளக்கு இரண்டும் மூடிக்குள் ஒளிந்திருக்கும். சுவிட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும்.

எழும்ப வேண்டும். ஆனால் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிற பெரியவர் மாதிரி முதலில் ஒரு கண் அரைகுறையாகத் திறந்தது. யோசித்தது. இருபது எண்ணின பிறகு அடுத்த கண்ணைக் கூப்பிட்டது.

“திருவனந்தபுரத்துல ரெண்டு எடத்துல காட்டியாச்சு ராஜையன். எல்லாத்தையும் கழட்டிட்டு மோட்டார் வைக்கலாம்னு சொல்லுதானுவ. எனக்கு அது வேண்டாம். அது எப்படி இருந்துதோ அப்படியே வேணும்,” என்றார் டாக்டர். “சனிக்கிழம சாயங்காலம் எனக்க மவளுக்குக் கல்யாணம். பொண்ணும் மாப்பிளயும் கோயில் வாசல்ல இருந்து இதுலதான் மண்டபத்துக்குப் போறாங்க. அந்த வாசல்ல வச்சு ரெண்டு லைட்டும் ஒண்ணா எழும்பணும்.”

பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதில் மோட்டார் கிடையாது. எஞ்சின் ஓடும்போது காற்றை உள்ளே உறிஞ்சும். அந்த உறிஞ்சலைச் சின்னச் சின்னக் குழாய்கள் வழியாக ஒரு தகரத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் விளக்குக்குப் பின்னால் இருக்கிற டப்பாவின் ரப்பர் சவ்வை அது இழுக்கும். சவ்வு கம்பியை இழுக்கும். கம்பி விளக்கைத் தூக்கும்.

இதில் ‘காற்று’ என்ற சொல் வந்தது அல்லவா, அதோடு ராஜையனின் காது அடைத்துக்கொண்டது. மிச்சம் எதுவும் உள்ளே போகவில்லை.

“சாரே, போர்டப் படிச்சியளா?” என்று பலகையைக் காட்டினார். “காத்துக்கு நம்ம ஜில்லாவுல வேற ஆளு கெடையாது. வெள்ளிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணி. நீங்க மூணு எண்ணணும், ரெண்டு கண்ணும் தொறந்திருக்கணும். தொறக்கலேன்னா எனக்கு ஒரு பைசா தர வேண்டாம்.”

“தொறந்தா இருபதாயிரம்,” என்றார் டாக்டர்.

பட்டறையில் இருக்கிற ஒரே வேலையாள் டைட்டஸ். நாற்பது வயது. பேச்சு குறைவு, பேசினால் கேட்கிறவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. டாக்டர் போன பிறகு அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

“அண்ணாச்சி, டாக்டரு கேட்டாரா, ஒரு பைசா வேண்டாம்னு சொல்லும்னு?”

“ஏலே, அது ஒரு கெத்து.”

“செரி. எனக்க கூலியும் அந்தக் கெத்துலதான் இருக்கு. ஞாபகத்துக்குச் சொன்னேன்.”

அன்றைக்கு மத்தியானமே நேசம்மாள் வந்தாள். மீன் விற்றுத் தீர்ந்த அலுமினியக் குட்டுவத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். வங்கிக் கடிதம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் முதலும் பாக்கி வட்டியும் கட்டாவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போகும்.

“மூணு வருசமா வட்டி நான் கெட்டினேன். நீரு ஒரு நாளாவது கேட்டீரா, வட்டி யாரு கெட்டுகான்னு?” என்றாள். “வட்டிப் பாக்கி எனக்கக்கிட்ட இருக்கு. மொதலுதான் வேணும். அது எனக்க அம்மைக்க சங்கிலி. ஏலத்துல எவளோ வாங்கிப் போட்டுட்டு எனக்க முன்னால நடப்பா. நான் அவளுக்கு மீன் நிறுக்கணும்.”

ராஜையன் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். வாசித்து முடித்து, “வெள்ளிக்கிழம சாயங்காலம் அஞ்சரைக்கு வா, நேசம்மா,” என்றார்.

“எந்த வெள்ளி?”

“இந்த வெள்ளி. அதா நிக்குதே செவப்புக் காரு, அதுக்கக் கண்ணு தொறந்தா உனக்கச் சங்கிலி வந்துரும்.”

அவள் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். “கண்ணே காணலியே,” என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனாள்.

புதன்கிழமை வேலை ஆரம்பித்தது. எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே குடல் மாதிரிக் கறுப்புக் குழாய்கள். ராஜையன் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் கம்ப்ரசரை வைத்து ஊதினார். டைட்டஸ் சோப்புத் தண்ணீர் தடவினான். முனைகளில் எல்லாம் குமிழி குமிழியாக வந்தது. முப்பது வருஷக் குழாய், முனைகள் வெடித்திருந்தன.

ராஜையனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. திருவனந்தபுரத்தில் இரண்டு இடத்தில் கண்டுபிடிக்காததை ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் கண்டுபிடித்தாயிற்று. இந்த இடத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் அந்த வாரம் ஒரு பெரிய மனிதராகவே கழிந்திருக்கும்.

“நுனிதான அண்ணாச்சி பொட்டியிருக்கு,” என்றான் டைட்டஸ். “ரெண்டு விரக்கடை வெட்டிட்டு மாட்டலாமே. நீளம் தாராளமா கெடக்கு.”

“செத்த குழாய மாட்டியா கல்யாணத்துக்கு விடுவ? எல்லாத்தையும் எடுத்துப் போடு.”

அவரே பஸ் ஏறி வடசேரிக்குப் போனார். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு சுருள் வாங்கி வந்தார். கண்ணாடி மாதிரி வெள்ளைக் குழாய். வளைத்த பக்கமெல்லாம் வளைந்தது. பார்க்க அத்தனை அழகு.

டைட்டஸ் அதைத் தொட்டுப் பார்த்தான். “இது கொத்தனாரு தண்ணி ஊத்தி மட்டம் பாக்குற குழாயில்லா?”

“அதுக்கென்ன? உள்ள காத்து ஓடுறது கண்ணால தெரியும். டாக்டரு அமெரிக்காவுலகூடப் பாத்திருக்க மாட்டாரு.”

காற்று ஓடுவது கண்ணுக்குத் தெரியும் என்று சொன்ன ஒரே மெக்கானிக் உலகத்திலேயே ராஜையனாகத்தான் இருப்பார். பின்னாளில் இந்தக் கதையைப் பத்துப் பேரிடம் சொல்லும்போது இந்த வரியை மட்டும் இரண்டு தடவை சொல்வார். வேறு யாரும் சொல்லிச் சிரிப்பதற்குள் தாமே சிரித்துவிடுவது லாபம் என்று அவருக்கு அப்போது தெரிந்திருந்தது.

புதுக் குழாயை மாட்டினார்கள். கம்ப்ரசரில் ஊதிப் பார்த்தார்கள். ஒரு குமிழி இல்லை. எஞ்சினைக் கிளப்பிச் சுவிட்சைப் போட்டால், இரண்டு எண்ணுவதற்குள் இரண்டு கண்ணும் படார் என்று திறந்தது. ராஜையன் அந்தக் கணமே போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை என்று சொன்னதை வியாழக்கிழமையே முடித்துக் காட்டுவது அல்லவா கெத்து.

வியாழக்கிழமை டாக்டர் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்தார். காரைத் திங்கள்சந்தை வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பினார். பட்டறை வாசலில் நிறுத்தி, எஞ்சின் ஓட ஓட, சுவிட்சைப் போட்டார்.

இடது கண் பாதி திறந்தது. வலது கண் திறக்கவே இல்லை. கார் ராஜையனைப் பார்த்துக் கண்ணடித்தது போல இருந்தது.

மைத்துனர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாளைக்கு அஞ்சு மணி,” என்று மட்டும் சொல்லி, காரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தால், இரண்டு கண்ணும் படார் என்று திறக்கிறது. பத்து நிமிஷம் ஓடினால் தூங்கிவிடுகிறது. ஆறவிட்டால் திறக்கிறது; சூடேறினால் மூடிக்கொள்கிறது. ராஜையனுக்குத் தெரிந்த ஒரே வழி ஊதுவது. சூட்டோடு ஊதினார். இருபது பவுண்டு ஊதினார், குமிழி இல்லை. நாற்பது பவுண்டு ஊதினார். குழாய் பலூன் மாதிரி வீங்கி, முனை கழன்று, சோப்புத் தண்ணீர் மொத்தமும் அவர் முகத்தில் அடித்தது. மூக்குக் கண்ணாடியில் நுரையோடு நின்றார்.

“குமிழி வந்துட்டு, அண்ணாச்சி,” என்றான் டைட்டஸ்.

ராஜையன் துப்பினார். வாயில் சோப்பு.

மணி பன்னிரண்டரை. அஞ்சரைக்கு வரச் சொன்ன நேசம்மாள் அப்போதே வந்துவிட்டாள். ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, காருக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். கண் திறக்கிற வரைக்கும் எழுந்திருக்கப் போவதில்லை என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. டாக்டர் சொன்ன விளக்கத்தை டைட்டஸ் அவளுக்கு இரண்டு வரியில் சொன்னான். ராஜையனுக்குக் கை ஓடவில்லை. கம்ப்ரசர் வேறு அவள் பக்கத்திலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது.

“இதுதானா எனக்கச் சங்கிலி?” என்று அதைத் தட்டிப் பார்த்தாள். “நல்ல சத்தமாட்டு இருக்கு.”

“நேசம்மா, வேல நடக்கும்போ பேசாத.”

“வேல நடக்குதா? ஊதுறதத்தான நான் பாத்தேன்.”

எஞ்சின் ஓடி நன்றாகச் சூடேறியிருந்தது. டைட்டஸ் சுவிட்சைப் போட்டான். கண் திறக்கவில்லை. நேசம்மாள் எழுந்து வந்து எஞ்சின் மூடிக்குக் கீழே குனிந்து பார்த்தாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, விரலால் ஒரு குழாயைத் தூக்கினாள்.

“இதுல மண்ணெண்ண உறிஞ்சினா வாயிதான் வலிக்கும். எண்ண வராது,” என்றாள்.

“இதுல எவன் மண்ணெண்ண உறிஞ்சுகான்?”

“உறிஞ்சுக கேஸுதான இது? டைட்டசு அப்படித்தான சொன்னான். பாரும், ஒட்டிப் பிடிச்சுக் கெடக்கு.”

ராஜையன் பார்த்தார். எஞ்சின் பக்கத்தில் வளைகிற இடத்தில், அந்த அழகான கண்ணாடிக் குழாய் நாடா மாதிரித் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. காற்று ஓடுவது கண்ணுக்குத் தெரியும் என்றாரே, ஓடவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. மூன்று நாளாக அது தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் தலையை உள்ளே விடும்போதெல்லாம் எஞ்சின் அணைந்திருந்தது; கையில் கம்ப்ரசர் இருந்தது.

“நான் ஊதிப் பாத்தேன். ஒரு குமிழி இல்ல,” என்றார். 

“ஊதினா வீங்கும். உறிஞ்சினா ஒட்டும். வண்டி என்ன செய்யுது, ஊதுதா, உறிஞ்சுதா?”

டைட்டஸ் மெதுவாக எஞ்சினை நிறுத்தினான். 

“எங்க வள்ளத்துல டிரம்முல இருந்து எஞ்சினுக்கு எண்ண வருகது கறுப்பு டியூபு,” என்று நேசம்மாள் தொடர்ந்தாள். “கட்டியா, உள்ள நூலு வச்சது. லேசு டியூபு மலிவா கிட்டுதுன்னு அவரு ஒருக்க வாங்கிட்டு வந்தாரு. அத எஞ்சினுல மாட்டப் போவும்போ ஒருத்தர் பிடுங்கித் தூர எறிஞ்சாரு. வெயிலு பட்டா கொழஞ்சு ஒட்டிப் போவும், எஞ்சினு எண்ண இல்லாம நிக்கும், நீ கடல்ல கெடந்து கூவுன்னு ஏசினாரு. யாருன்னு ஞாபகம் உண்டா?”

ராஜையனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த ஒருத்தர் அவரேதான். கம்ப்ரசர் வாங்குவதற்கு முந்தின ராஜையன். ஊதத் தெரியாத காலத்தில் அவருக்கு எவ்வளவு விஷயம் தெரிந்திருக்கிறது.

சார்ஜாவில் ஒரு அரபி முதலாளி அவரைக் கழுதை என்று ஏசியிருக்கிறார். அப்போது ரோஷம் வந்தது. இப்போது வரவில்லை. இது அவரே அவரை ஏசுவது. யாரோடு சண்டைக்குப் போவது?

“அந்தக் கறுப்பு டியூபு இப்ப எங்க கிட்டும்?” என்றார்.

“வீட்டுல புதுச் சுருளு ஒண்ணு கெடக்கு. சீசனுக்கு வாங்கி வச்சது. முந்நூத்தி அறுவது ரூவா.”

“தருவியா?”

“தருவேன். கணக்குல சேரும்.”

டைட்டஸ் பைக்கை எடுத்துக்கொண்டு இனயத்துக்குப் பறந்தான். ஒரு மணி நேரத்தில் சுருளோடு வந்தான். ஆனால் அளந்து வெட்டி மாட்டிக்கொண்டே வந்தபோது கடைசி விளக்குக்கு இரண்டு முழம் குறைந்தது. மணி மூன்றே கால். மறுபடியும் வடசேரிக்குப் போய் வர நேரம் கிடையாது. ராஜையன் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

டைட்டஸ் கம்ப்ரசருக்குப் பின்னால் போய், ஆணியில் தொங்கிய ஒரு கறுப்புச் சுருளை எடுத்து வந்தான். காரிலிருந்து கழற்றிய பழைய குழாய்கள். முனைகளை எல்லாம் இரண்டு விரற்கடை வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தான்.

“எடுத்துப் போடுன்னு சொன்னேனே.”

“சொன்னியதான். எங்க போடணும்னு சொல்லல.”

நான்கரைக்கு வேலை முடிந்தது. இந்தத் தடவை ராஜையன் கம்ப்ரசரைத் தொடவில்லை. ஒவ்வொரு குழாயையும் வாயில் வைத்து உறிஞ்சினார். மறுமுனையை மூடியதும் குழாய் நாக்கைக் கவ்விப் பிடித்துத் தொங்கியது. நாக்கில் ஒட்டித் தொங்கிய குழாயோடு அவர் டைட்டஸைப் பார்த்துத் தலையாட்டியபோது, ஜில்லாவிலேயே காற்றுக்கு வேறு ஆள் இல்லாதவர் பால் குடிக்கிற கன்றுக்குட்டி போல இருந்தார். நேசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். மைத்துனரும் வந்தார், வேடிக்கையைத் தவற விட மனமில்லை போலும். காரை எடுத்துக்கொண்டு திங்கள்சந்தைப் பக்கம் போனார்கள். கால் மணி நேரத்தில் திரும்ப வேண்டியவர்கள் அரை மணி நேரமாகியும் வரவில்லை. சூடு நன்றாக ஏறட்டும் என்று டாக்டர் சுற்றி வருகிறார் என்பது ராஜையனுக்குப் புரிந்தது. நேசம்மாள் வங்கிக் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அந்தக் காகிதச் சத்தம் கம்ப்ரசர் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

கார் வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் கண்ணாடி வழியாகச் சுவிட்சில் கை வைத்துக் காட்டினார்.

ராஜையன் கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு.

“கண்ணத் தொறங்க, அண்ணாச்சி,” என்றான் டைட்டஸ். “அதுக்குத் தொறந்தாச்சு.”

இரண்டு விளக்கும் நிமிர்ந்து ராஜையனையே பார்த்துக்கொண்டிருந்தன. டாக்டர் அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே மூச்சில் எழும்பின. மைத்துனர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

டாக்டர் இறங்கி வந்து ஒரு கவரை ராஜையன் கையில் வைத்தார். “திருவனந்தபுரத்துல முடியாதத முடிச்சிட்டீரே. என்ன தகராறுன்னு சொல்லும், நானும் தெரிஞ்சுக்கிடுதேன்.”

ராஜையன் நெஞ்சை நிமிர்த்தினார். “சாரே, நான் சார்ஜாவுல ஒன்பது வருசம்...”

நேசம்மாள் இருமினாள். பெரிய இருமல் இல்லை, சாளை முள் தொண்டையில் குத்தினால் வருகிற அளவுதான்.

சார்ஜாவுக்குப் போகிற விமானம் அங்கேயே இறங்கிவிட்டது. “மொதல்ல முனை பொட்டியிருந்துது. அத நான் கண்டுபிடிச்சேன்,” என்றார் ராஜையன். “பிறவு நல்லா இருந்த பழச எடுத்துட்டுக் கொத்தனாரு குழாய மாட்டினேன். அந்தத் தகராறு நான் செஞ்சது. இவதான் கண்டா. இனயத்துக்காரி. டியூபும் இவளுக்க வள்ளத்து டியூபுதான்.”

டாக்டர் நேசம்மாளைப் பார்த்து, “நீங்க மெக்கானிக்கா?” என்றார்.

“நான் மீன்காரி, சாரே. நாளைக்குக் கல்யாண வீட்டுக்கு மீன் வேணும்னா சொல்லுங்க,” என்றாள்.

கார் போன பிறகு ராஜையன் கவரைப் பிரித்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள், நாற்பது. நேசம்மாள் வலது கையை விரித்து நீட்டினாள். மூன்று வருஷமாக அவர் வீட்டு முற்றத்திலும் பட்டறை வாசலிலும் சந்தையிலும் வெறுமனே மடங்கிப்போன கை அது. செதில் ஒன்று கட்டைவிரலில் ஒட்டியிருந்தது.

ராஜையன் எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். முப்பத்தேழாவது தாளில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு நிறைந்தது. கை மூடவில்லை.

“டியூபு,” என்றாள்.

முப்பத்தெட்டாவது தாளை வைத்தார். “சில்லறை நூத்தி நாப்பது தரணும் நீ.”

“எனக்கக்கிட்ட சில்லறை இல்ல.” கை அப்படியே விரிந்திருந்தது.

ராஜையன் தம்மிடம் மிஞ்சிய இரண்டு தாளைப் பார்த்தார். மூன்று வருஷமாக யார் வட்டி கட்டுகிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டீரா என்றாளே, அதையும் நினைத்துப் பார்த்தார். பின்னால் டைட்டஸ் தொண்டையைச் செருமினான்.

“உனக்கக் கூலி நாளைக்கு, மக்கா,” என்றார் திரும்பாமலே.

“எந்த நாளைக்கு?” என்றான் டைட்டஸ்.

ராஜையன் அதைக் காதில் வாங்காமல், முப்பத்தொன்பது என்று சொல்லி ஒன்றை வைத்தார். பிறகு நாற்பது என்று சொல்லிக் கடைசித் தாளையும் நேசம்மாளின் விரிந்த உள்ளங்கையில் வைத்தார்.